திரும்பி வரும் பார்வையும் வராத பார்வையும்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் வயதானவர்களே அதிகம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். பெற்றோர் காலி வீதியின் இரைச்சலுக்கும் கடற்காற்றுக்கும் நடுவே இங்கே இருக்கிறார்கள். இவர்களில் யாருக்காவது கண்ணில் குறை என்றால் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வதும், இலக்கம் எடுத்துக் கொடுப்பதும், அங்கே சிங்களத்தில் சொல்லப்படுவதைத் தமிழில் சொல்வதும், வீட்டுக்கு வந்தபின் மருந்துக் குப்பிகளை ஒழுங்குபடுத்தி வைப்பதும் பல வருடங்களாக என் பொறுப்பாக இருந்துவருகின்றன. நான் வைத்தியர் அல்லேன். ஆயினும் அந்தக் கதிரைகளில் காத்திருந்த காலத்தில் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றுள் ஒன்றையாவது எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நாளுக்கு நாள் வலுத்துக்கொண்டே வருகிறது.

"வயசு போனால் கண் மங்கத்தானே செய்யும், பிள்ளை" என்று சொல்லாத ஒரு முதியவரை நான் கண்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, போனாலும் திரும்பப் பெறக்கூடிய பார்வை. அதற்குக் கண்ணாடியோ ஒரு சிறிய சத்திரசிகிச்சையோ போதும். மற்றது, போனால் போனதுதான் என்ற வகை. அங்கே வைத்தியம் செய்யக்கூடியதெல்லாம் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே. முதல் வகைக்குப் பயந்து வருடக்கணக்காக ஒளித்துத் திரிகிறோம். இரண்டாவது வகையையோ, வலி இல்லை என்பதற்காகப் பொருட்படுத்தாமல் விடுகிறோம். உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தவிர்த்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாமல் இருப்பது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த 100 கோடியில் எங்கள் மாடிப்படிகளில் கைபிடித்து இறங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் ஐயமின்றிச் சொல்வேன்.

கிளினிக் கொப்பியில் எழுதப்படும் இலக்கங்களை விளங்கிக்கொள்வது முதற்படி. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையிலிருந்து 6 மீற்றர் தூரத்தில் நோயாளியை இருத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி வாசிக்க வைக்கிறார்கள். 6/18 என்று எழுதினால், நல்ல பார்வையுள்ள ஒருவர் 18 மீற்றரில் நின்று வாசிக்கும் எழுத்தை இவர் 6 மீற்றருக்கு வந்தால்தான் வாசிக்கிறார் என்று பொருள். இரண்டு கண்களில் நல்ல கண்ணே 6/12இலும் குறைந்தால் அது பார்வைக் குறைபாடு; 6/18க்குக் கீழே போனால் நடுத்தரக் குறைபாடு; 6/60க்குக் கீழே கடுமையானது; 3/60க்கும் கீழே இறங்கினால் பார்வையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. முற்றிலும் இருண்டு போனால்தான் பார்வையற்றவர் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பார்வையற்றோர் என்று கணக்கில் சேர்பவர்களில் பலருக்கு வெளிச்சமும் உருவங்களும் தெரியும், முகம்தான் தெரியாது.

ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை முழுவதுமாக மறைத்துவிடும். ஒரு கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டதை வேறெதற்கோ மற்றக் கண்ணைக் கசக்கும்போதுதான் தற்செயலாகக் கண்டுபிடித்தவர்களை நான் அறிவேன். ஆகவே வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். சுவரில் தொங்கும் மெய்கண்டான் நாட்காட்டியின் முன் வழக்கமான கண்ணாடியுடன் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி மற்றதால் வாசியுங்கள். பிறகு கையை மாற்றுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தாலும், கோடுகள் நெளிந்து தெரிந்தாலும், எழுத்தின் நடுவே ஒரு கறை விழுந்தாலும் அந்தக் கிழமையிலேயே வைத்தியரிடம் போக வேண்டும். இதனால் எல்லா நோயும் பிடிபட்டுவிடாது. நான் கீழே சொல்லப்போகும் மிக மோசமான நோய் இதில் அகப்படவே அகப்படாது.

இனிக் கண்புரைக்கு வருகிறேன். இலங்கையில் பார்வை இழப்புக்கு முதற்காரணம் இன்னமும் அதுதான். கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் புரதங்கள் வயதோடு திரண்டு, தெளிவாக இருந்தது பழுப்பாகவும் வெண்மையாகவும் மாறுகிறது. நீரிழிவும் புகைத்தலும் நெடுநாள் ஸ்டீரொயிட் மருந்தும் கடும் வெயிலும் அதை விரைவுபடுத்துகின்றன. இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கு வெளிச்சம் சிதறித் தெரிவதும், 100ஆம் இலக்கப் பஸ்ஸா 101ஆம் இலக்கப் பஸ்ஸா என்று கிட்ட வந்து நிற்கும் வரைக்கும் தெரியாமல் இருப்பதும், அரிசியில் கல் பொறுக்க முடியாமல் போவதும் ஆரம்ப அடையாளங்கள். இதிலே ஏமாற்றும் ஓர் அடையாளமும் உண்டு. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் ஒரு வரி வாசிக்க முடியாதிருந்தவர் எழுபது வயதில் திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்திரிகை வாசிக்கத் தொடங்குவார். வீட்டில் எல்லோரும் கண் தெளிந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் வில்லையின் நடுப்பகுதி தடித்து, கிட்டப்பார்வையை உண்டாக்கியிருக்கிறது. புரை வளர்கிறது என்பதே அதன் பொருள்.

"முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. முன்னொரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்க வேறு வில்லை இல்லாதிருந்த நாட்களில், தடித்த கண்ணாடியோடு மிச்ச வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருந்ததால், பார்வை முழுக்கப் போகும் வரை காத்திருந்தார்கள். 1949 நவம்பரில் லண்டனின் செயின்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில் ஹரோல்ட் ரிட்லி என்ற வைத்தியர் முதன்முதலாகச் செயற்கை வில்லையை ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட விமானிகளின் கண்களுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் புகுந்து, எந்த அழற்சியையும் உண்டாக்காமல் கிடந்ததை அவர் கவனித்திருந்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்வித்தார். சக வைத்தியர்கள் பலர் அதைப் பல வருடங்கள் எதிர்த்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1967இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் கெல்மன் மீயொலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று 3 மில்லிமீற்றரிலும் குறைந்த வெட்டின் வழியே, மடித்த வில்லையை உள்ளே செலுத்தி விரித்துவிடுகிறார்கள். கண் மட்டும் விறைத்திருக்கும், ஆள் விழித்திருப்பார், சிக்கல் இல்லாத கண்ணுக்கு அரைமணி நேரம்கூட எடுப்பதில்லை. காத்திருந்தால் புரை கல்லைப்போல் இறுகிச் சத்திரசிகிச்சையைக் கடினமாக்கும். மிகவும் முற்றிவிட்டால் கண்ணின் அழுத்தம் ஏறி, மீட்கக்கூடியதாக இருந்த பார்வை மீட்க முடியாததாகிவிடவும் கூடும்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நாட்களில் நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது கண்ணில் தண்ணீர் படாமல் இருப்பது. வெள்ளிக்கிழமை தோயாமல் எப்படி இருப்பது என்று கேட்கும் அம்மாமாருக்குக் கழுத்துக்குக் கீழே குளிக்கலாம் என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும். முதற் சில நாட்களில் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பார்த்திருக்கக் கூடாது; அன்றிரவே போக வேண்டும். அது கண்ணுக்குள் கிருமி தொற்றியதன் அடையாளமாக இருக்கலாம். மாதங்களோ வருடங்களோ கழித்து மெல்ல மங்கினால் அது வேறு கதை. வில்லையைத் தாங்கும் பின்புற உறை மங்கியிருக்கும். லேசர் கதிரால் சில நிமிடங்களில் அதைத் திறந்துவிடுவார்கள். "புரை திரும்ப வளர்ந்திட்டுது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரியத் தேவையில்லை.

குளுக்கோமா இதற்கு நேர் எதிரானது. கண்ணின் பின்னாலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிழைகள் உள்ளன. பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் காரணமாக அவை ஒவ்வொன்றாக இறந்துபோவதே இந்த நோய். இறந்த இழை மறுபடி முளைப்பதில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை, நேரே பார்க்கும் எழுத்தும் கடைசி வரை தெரியும், போவதெல்லாம் ஓரப்பார்வை. மருத்துவ வசதி மிகுந்த நாடுகளிலேயே இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பது தெரியாது என்றால், இங்கே நிலைமை எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் மாடியிலுள்ள மாமி ஒருவரைப் பார்வைப் பரப்புச் சோதனைக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். ஒரு கண்ணை மூடி, நாடியைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவியின் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; எங்காவது ஓர் ஒளிப்பொட்டு மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றுபோனது. மாமி களைத்துவிட்டார் என்று நினைத்தேன். "வெளிச்சம் ஒண்டும் வரேல்லையே பிள்ளை, மெசினை நிப்பாட்டிட்டினமோ?" என்று கேட்டார். கருவி நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த திரையில் மேற்பாதி முழுவதும் பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்ததை நான் பார்த்தேன். அச்சடித்த தாளில் அந்தப் பாதி கறுத்திருந்தது. அதுவரை அவர் தன் கண்ணில் எந்தக் குறையும் இருப்பதாகச் சொன்னதில்லை. அலுமாரியின் திறந்த கதவில் அடிக்கடி தலையை இடித்துக்கொண்டதை மட்டும் தன் அவசர புத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கண் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசம் வரை இருக்கும். அந்த எல்லைக்குள் அழுத்தம் இருந்தும் நரம்பு பட்டுப்போவோர் உண்டு; ஆகவே அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது, வைத்தியர் கண்ணுக்குள் நரம்பின் தலையையும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் சரிபார்த்துக்கொண்டு வருவதை முழுமையான கண் பரிசோதனை என்று நம்புகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நாற்பது வயதுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது கண் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. பெற்றோரிலோ கூடப்பிறந்தவர்களிலோ யாருக்காவது குளுக்கோமா இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. கொழும்பில் உள்ள அண்ணருக்கு இந்த நோய் என்று தெரிந்த அன்றைக்கே ரொறன்ரோவில் உள்ள தங்கைக்கும் பாரிஸில் உள்ள தம்பிக்கும் தகவல் போக வேண்டும். கலியாணம், செத்தவீடு எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் பரிமாறிக்கொள்ளும் குடும்பங்கள் இதை மட்டும் ஏன் மறைக்கின்றன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சிகிச்சை பெரும்பாலும் துளிமருந்து, வாழ்நாள் முழுவதற்கும். மருந்து விட்டும் பார்வை கூடவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அது கூட்டுவதற்கான மருந்தே அல்ல, குறையாமல் நிறுத்துவதற்கான மருந்து என்பதைக் கிளினிக்கின் அவசரத்தில் யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து தமிழில் சொல்லவில்லை. விடும் முறையும் முக்கியம். தலையைச் சாய்த்துக் கீழிமையை மெல்ல இழுத்து, உண்டாகும் பள்ளத்தில் ஒரு துளி விட்டால் போதும். கண் அதற்கு மேல் கொள்ளாது, மிச்சமெல்லாம் கன்னத்தில்தான் வழியும். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்குள் இறங்காது. டிமொலோல் போன்ற மருந்துகள் இரத்தத்தில் கலந்தால் தொய்வு வருத்தக்காரருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும் என்பதால் இது சின்ன விடயமல்ல. தொய்வு இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு மருந்து இருந்தால் இடையில் 5 நிமிடம் விட வேண்டும். குப்பிகளெல்லாம் ஒரே அளவாக இருப்பதாலும், துண்டில் எழுதியிருப்பது நம் முதியவர்களுக்கு வாசிக்க முடியாத மொழியில் இருப்பதாலும், இரவு மட்டும் விடும் குப்பிக்கு ஒரு றப்பர் வளையமும் இரண்டு நேரம் விடும் குப்பிக்கு இரண்டு வளையமும் நான் போட்டுக் கொடுப்பதுண்டு. கண் தெரியாவிட்டாலும் விரல் அறியும்.

குளுக்கோமாவில் திடீரென்று வரும் வகையும் ஒன்று உண்டு. கண் சிவந்து, தலை பிளப்பதுபோல் வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தி வரும். வாந்தியைக் கண்டு கேஸ்ட்ரைற்றிஸ் என்று மருந்து கொடுத்து ஓர் இரவைக் கடத்திவிட்டால் கண் போய்விடக்கூடும். இது நம்மைப் போன்ற ஆசிய இனத்தவர்களில், அதிலும் வயதான பெண்களில் கூடுதலாக வருவதால் அடையாளங்களை நினைவில் வைத்திருங்கள்.

நீரிழிவு எங்கள் நகரத்தின் நோய். கொழும்பு நகரத்து வயதுவந்தோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எங்கள் மாடியில் சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த இரத்தம், கண்ணின் பின்சுவரில் பிம்பம் விழும் விழித்திரையின் நுண்குழாய்களை வருடக்கணக்கில் அரித்துக் கசியவைக்கிறது. அடைபட்ட இடங்களில் புதிதாக முளைக்கும் நொய்ந்த குழாய்கள் ஒருநாள் வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் நிறைகிறது. அந்த நாள் வரை பார்வை 6/6 ஆகவே இருக்கக்கூடும். ஆகையால்தான் இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட உடனேயே ஒருமுறையும், அதன்பின் வருடந்தோறும், கண்மணியை மருந்தால் விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். கறுப்புக் கண்ணாடியும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. பயந்து, "மருந்து விடாமல் பாருங்கோ டொக்டர்" என்று கெஞ்சி வீடு திரும்புகிறவர்கள் பார்க்க வேண்டியதைக் காட்டாமலே திரும்புகிறார்கள்.

கிளினிக் நாளுக்கு முன்னிரண்டு நாள் பாகற்காயும் குரக்கனுமாக இருந்து இரத்தச் சர்க்கரையை இறக்கிக் காட்டும் கெட்டித்தனம் நம்மிடம் நிறைய உண்டு. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு முன் அந்தக் கெட்டித்தனம் செல்லாது. விழித்திரைக்கு முன் அது எப்போதுமே செல்லுபடியாகவில்லை. சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். கண்ணில் நோய் கண்டபின் லேசர் உண்டு. 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, முற்றிய நிலையில் லேசர் செய்தால் கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்று காட்டியது. விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். குடற்புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட பெவசிசுமாப் என்ற மருந்துதான் இதற்கும் பரவலாகப் பயன்படுகிறது. கண்ணுக்குள் ஊசி என்றதும் எழுந்து போய்விடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கண் விறைத்தபின் ஓர் அழுத்தம் மட்டுமே தெரியும் என்று ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் பக்கத்துக் கதிரையில் இருந்து சொன்னால் அந்தப் பயம் பாதி குறைந்துவிடுகிறது. அதனாலேயே முதல் தடவை போகிறவரோடு ஏற்கெனவே போட்டுக்கொண்ட ஒருவரையும் சேர்த்துக் கூட்டிச் செல்கிறேன்.

பிள்ளைகளின் கண்ணுக்கு வேறொரு கெடு உண்டு. பிறந்தது முதல் ஏழெட்டு வயது வரை மூளை பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கண் மங்கலாகவோ வாக்குக்கண்ணாகவோ இருந்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடுகிறது. வளர்ந்தபின் எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் அது முழுமையாகத் திரும்பாது. நேரத்துக்குக் கண்டால் கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்கும் ஒட்டுத்துணியுமே போதும். வாக்குக்கண் அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பேரப்பிள்ளையை வைத்தியரிடம் காட்டவிடாத பாட்டிமாரிடம் நான் சண்டையே பிடித்திருக்கிறேன். பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் பார்வையும் பார்க்கப்படுகிறது. பிள்ளை கொண்டுவரும் துண்டைப் புத்தகப் பையின் அடியில் கிடக்கவிடாமல் அந்த மாதத்திலேயே காட்டுங்கள். குழந்தையின் புகைப்படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் மாதம் அல்ல, நாள் கணக்கில் ஓட வேண்டும். அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம்.

கிட்டப்பார்வை கூடிக்கொண்டே வருவதற்குக் கைபேசியை மட்டும் பழி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை வெயிலைக் காணாததும் காரணம். சீனாவின் குவாங்சோ நகரப் பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 40 நிமிடம் வெளிவிளையாட்டைக் கூட்டிக் கொடுத்து மூன்று ஆண்டு பார்த்தபோது, புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் தொகை குறைந்தது. இங்கே ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்காகப் பாடசாலை விட்டதும் ரியூசன், ரியூசன் விட்டதும் வீட்டுப்பாடம் என்று ஓடும் பிள்ளைக்கு அந்த 40 நிமிடத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? வெள்ளவத்தைக் கடற்கரை ஐந்து நிமிட நடைதான். ரியூசன் ஆசிரியர் ஒருநாளை விட்டுக்கொடுத்தால் போதும்.

தடுப்பைப் பற்றிப் பேசும்போது பாமசியைத் தவிர்க்க முடியாது. உறவுப் பையன் ஒருவனுக்குக் கண் அரிப்பு. ஒருதடவை கொடுத்த துளிமருந்து நன்றாகக் கேட்டதால் அதே வெற்றுக் குப்பியைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விட்டிருக்கிறார்கள். அது ஸ்டீரொயிட் கலந்த மருந்து. அரிப்பை அது நன்றாகவே அடக்கும். அடக்கிக்கொண்டே கண் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் வளர்க்கும். அவனுக்கு அழுத்தம் ஏறியிருந்தது நேரத்தோடு தெரியவந்ததால் நரம்பு தப்பியது. கண் மருந்தை வைத்தியரின் துண்டு இல்லாமல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. திறந்து ஒரு மாதமானதை எறிந்துவிட வேண்டும். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், பன்னீர் என்று வீட்டு வைத்தியம் செய்கிறவர்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் தூசி கீறிய கண்ணில் சுத்தமில்லாத எது விழுந்தாலும் புண்ணாகிக் கருவிழியை மூடியிருக்கும் தெளிந்த படலத்தில் தழும்பாக நின்றுவிடும். சுண்ணாம்போ கழுவும் திரவமோ தெறித்தால் வேறெதையும் தேடாமல் குழாயின் கீழ் கண்ணைத் திறந்து பிடித்து அரைமணி நேரம் கழுவிவிட்டுத்தான் ஓட்டோவைக் கூப்பிட வேண்டும்.

வலி இல்லாமல் திடீரென்று ஒரு கண் இருண்டாலும், கண்ணுக்குள் மின்னல் வெட்டிக் கறுப்புப் பொட்டுகள் மழையாக விழுந்தாலும், திரை இழுத்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கிழிந்த விழித்திரையை முழுவதும் கழன்று விழுமுன் ஒட்டிவிடலாம்.

தழும்பேறிய கருவிழியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அதற்கு மாற்று பெரும்பாலும் இறந்தவர் தரும் கருவிழிப் படலமே. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியதில் தொடங்கி இன்றுவரை உலகின் பல நாடுகளுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறது. அதன் இடம் எங்களுக்கு மிக அருகே, கொழும்பு 7இல் இருக்கிறது. புரை வெட்டியவரும் கண்ணாடி போட்டவரும் நீரிழிவுக்காரரும் கூடப் பெரும்பாலும் தானம் செய்யலாம். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் வீட்டார் முன்கூட்டியே பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். முகம் விகாரப்படாது, கிரியைகளுக்கும் தடை வராது. நம்மவர்களில் இதைச் செய்கிறவர்கள் இன்னும் போதாது என்பது என் மனக்குறை.

கடைசியாக, திரும்பி வராத பார்வையோடு வாழ்கிறவர்களைப் பற்றி. "இனிச் செய்ய ஒண்டுமில்லை" என்று வைத்தியர் சொன்னால் அது மருந்துக்கும் கத்திக்கும் மட்டும் பொருந்தும் சொல்.  1912இல் தொடங்கிய இரத்மலானை செவிப்புலனற்றோர் விழிப்புலனற்றோர் பாடசாலை இருக்கிறது. அங்கே படித்துத் தொழில் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் பலர். முதுமையில் பார்வை குறைந்தவருக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை அதிகம். பார்வைப் பரப்புச் சோதனைக்கு நான் கூட்டிச் சென்ற அந்த மாமிக்கு, வெள்ளைக் கோப்பையில் போட்ட வெள்ளைச் சோறு தெரியவில்லை. கடும்நீல நிறக் கோப்பைக்கு மாற்றியதும் பிறர் உதவியின்றிச் சாப்பிடத் தொடங்கினார். படிகளின் விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டினோம். வாசிக்கும் மேசையில் விளக்கைத் தோளுக்குப் பின்னால் வைத்தோம். பெருக்கிக் காட்டும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தோம். கைபேசி எழுத்துகளைத் தமிழில் வாசித்துச் சொல்லும் வசதி இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. ரொறன்ரோவிலிருந்து மகள் அனுப்பும் செய்திகளை அதன் வழியே கேட்கிறார். 2011இல் வந்த இலங்கை நாணயத்தாள்கள் 20 ரூபாவிலிருந்து 5000 ரூபா வரை ஒவ்வொரு பெறுமதிக்கும் 5 மில்லிமீற்றர் நீளம் கூடிக்கொண்டு போகின்றன என்பதைச் சொல்லிக் கொடுத்தேன். மரக்கறிக்காரர் மிச்சம் தரும்போது தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தை விரலால் அளந்து பார்த்து, இது நூறு, இது ஐந்நூறு என்று இப்போது அவரே சொல்கிறார். மிச்சப் பார்வையைக் காப்பாற்ற இரவு மருந்து விடுவதையும் தவறவிடுவதில்லை. அடுத்த பார்வைப் பரப்புச் சோதனைக்கு அடுத்த மாதம் போகிறோம்.